முப்பத்தெட்டாம் பக்கத்துக் காது

மாசிலாமணியின் வலது காதுக்குள் தறி ஓடிக்கொண்டிருந்தது. நகரியில் பஸ் ஏறும்போது ஓட ஆரம்பித்தது, புத்தூர் தாண்டியும் நிற்கவில்லை. சத்தம் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இருபத்தாறு வருஷம் விசைத்தறிக் கொட்டகையில் பொறுத்த காதுதான். காதடியிலிருந்து தாடை வரைக்கும் யாரோ ஊசி கோத்து இழுக்கிற மாதிரி வலி. இடது காதில் வலி இல்லை. அதில் எதுவுமே இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தனபாக்கியம் வாயை அசைத்தாள்.

"இன்னா?"

அவள் டிக்கெட்டைக் காட்டினாள். எடுத்தாயிற்று. புருஷனோடு பேசுவதை அவள் எப்போதோ கையால் செய்யப் பழகிவிட்டாள். திட்டுவதற்கு மட்டும் வலது காதுக்குள் கத்துவாள்.

விசைத்தறியில் காதுதான் பாதி வேலை செய்கிறது. ஊடு நூலைக் கொண்டுபோகிற நாடா போய் வருகிற சத்தம் கொஞ்சம் மாறினால் இழை அறுந்தது என்று அர்த்தம். கேட்டால் தறியை நிறுத்தலாம். கேட்காவிட்டால் துணி ஓட்டையோடு நீண்டுகொண்டே போகும். போன மாதம் அப்படி மூன்று முழம் போனது. முதலாளி அண்ணாதுரை கெட்ட மனுஷன் இல்லை. கத்திக் கத்தித் தொண்டை வலித்ததால் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்: 'வர்ற ஆடி முடியறதுக்குள்ள காது மெஷின் போட்டுக்கினு வா. இல்லாங்காட்டி உன் நாலு தறியும் வேற ஆளுக்குப் போவும்.'

ஆடிக்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தது. காது மெஷின் கொடுக்கவென்றே அரசாங்கம் ஒரு வாரியம் வைத்திருந்தது. தபாலில் மனு எழுதிப் போட்டார்கள். ஒரு வருஷம் போதும் என்று இருவரும் நினைத்தார்கள்.

அதன் பெயர் ஆலைத் தொழிலாளர் உறுப்புநல வாரியம். வேலையில் கண், காது, பல், விரல் என்று எதை இழந்தாலும் அதற்குப் பதில் ஒன்றைத் தருவது அதன் கடமை. மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தபோது வாரியத்தையும் நியாயமாகப் பிரித்தார்கள். சித்தூருக்குப் பெயர்ப் பலகை, திருப்பதிக்கு வாரியம். மாசிலாமணி சித்தூர் மாவட்டத்து ஆள் என்பதால் முதலில் அங்கேதான் போனான். பலகையைக் காவல் காத்தவர், "இக்கட ஏமீ லேது, இங்க ஒண்ணுமில்ல, திருப்பதி போ" என்றார். பலகையைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

திருப்பதி அலுவலகம் திருச்சானூர் போகிற வழியில் இருந்தது. வாசலில் நீளமான வரிசை. இந்த ஊரில் வரிசையில் நிற்பதற்கு யாரும் கோபப்படுவதில்லை. நிற்க நிற்கப் புண்ணியம் என்று ஜனங்கள் நம்புகிறார்கள். வாரியம் அந்த நம்பிக்கையைத்தான் முதலாகப் போட்டு நடந்தது.

நாலு மணி நேரம் கழித்து ஜன்னல் வந்தது. உள்ளே இருந்தவர் தலை நிமிராமல் கேட்டார். "எந்தப் பக்கம்?"

தனபாக்கியம் காதில் கத்தினாள். "எந்தப் பக்கம்னு கேக்கறாருயா!"

"ரெண்டு பக்கமும்தான் சாமி" என்றான் மாசிலாமணி. "வலது பக்கம் வலி. இடது பக்கம் சுத்தமா பூட்ச்சி."

ஜன்னல்காரர் 'இரண்டு' என்று எழுதிக்கொண்டார். அன்று மாலை வரைக்கும் பட்டியலின் இரண்டாம் பக்கத்தில் மாசிலாமணியைத் தேடினார்கள். அதில் இருபது பேர் இருந்தார்கள், எல்லோருக்கும் பல். ஐந்து மணிக்குக் கோப்பில் ஒரு வரி ஏறியது: 'மனுதாரர் கூறிய பக்கத்தில் மனுதாரர் இல்லை. மனுதாரர் பொய்யுரைத்ததாகக் கருதப்படுகிறது.'

வெளியே டீக்கடையில் ஒரு பெண் இவர்களைப் பார்த்துச் சிரித்தபடி வந்தாள். நந்திதா. வேலூர்ப் பக்கம். வாரியத்தின் கம்ப்யூட்டரை ஓட்டுகிற ஒப்பந்த ஊழியர்.

"அண்ணா, அவரு கேட்டது காது எந்தப் பக்கம்னு இல்ல, பட்டியல்ல எந்தப் பக்கம்னு. நீங்க முப்பத்தெட்டாம் பக்கம். மொதல் வரி வலது காது, ரெண்டாவது வரி இடது காது. இங்க ஒரு உறுப்புக்கு ஒரு வரி."

"மொதல் வரின்னா நல்லதுதானேம்மா?" என்றாள் தனபாக்கியம்.

நந்திதா டீயை ஊதினாள். "இங்க அத மாதிரி கெட்டது வேற இல்லக்கா."

*

நாலு மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் வாசிப்பு நடக்கும். வாரியத்துக்கு அது திருவிழா. துணை இயக்குநர் ஹேமநாத் சந்திரகிரியிலிருந்து பட்டுச் சட்டையில் வருவார். கம்ப்யூட்டருக்குக் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைப்பார்கள். பிறகு நந்திதா முதல் பக்கத்தைத் திரையில் போடுவாள், ஒருவர் வாசிப்பார், பெயர் வந்தவர் போய் உறுப்பை வாங்கிக்கொள்வார்.

முதல் பக்கம் கண் மூடித் திறப்பதற்குள் வரும். பத்தாம் பக்கம் வெற்றிலை போடுகிற நேரம் எடுக்கும். முப்பதுக்கு மேல் போனால் ஜனங்கள் சாப்பிட்டுவிட்டு வந்து படுத்துவிடுவார்கள். ஏனென்றால் அந்தக் கம்ப்யூட்டர் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் முதல் ஆளிலிருந்துதான் எண்ணும். முப்பத்தேழாம் பக்கத்தைக் காட்ட, முதல் எழுநூற்று இருபது பேரையும் அவரவருடைய ஆதார், எக்ஸ்ரே, ரேஷன் கார்டு எல்லாவற்றோடும் எடுத்து எண்ணும். எண்ணி முடித்ததும் அவ்வளவு பேரையும் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த இருபது பேரைக் காட்டும். முப்பத்தெட்டு கேட்டால் மறுபடியும் ஒன்று, இரண்டு, மூன்று.

முப்பத்தேழாம் பக்கம் வருவதற்கு மணி மூன்றாகிவிடும். மூன்று மணிக்குத்தான் பக்கத்து அறையில் மரணப் பதிவு ஜன்னல் திறக்கும். உறுப்பை வாங்கியவர் பெயரும் பட்டியலில் அப்படியே இருக்கும், அதிலிருந்து ஒரு பெயரை எடுப்பது சாவு ஒன்றுதான். கம்ப்யூட்டர் களைத்துவிடக் கூடாது என்று ஒரு நாளைக்கு ஒரு சாவு மட்டும் பதிவார்கள்.

அவர்கள் போன முதல் வாசிப்பன்றும் மூன்று மணிக்கு ஒரு சாவு பதிவானது. முப்பத்தேழு படித்து முடிந்தது. முப்பத்தெட்டு வந்தது.

"மாசிலாமணி, நகரி, இடது காது!"

தனபாக்கியம் புருஷனை இழுத்துக்கொண்டு ஓடினாள். ஹேமநாத் கையை நீட்டித் தடுத்தார்.

"வலது வந்துச்சா?"

"கூப்பிடலியே சார்."

"வலது வராம இடது எப்படிம்மா வரும்? வலம்தான் மொதல்ல. கோயிலயே அப்படித்தான் சுத்தறோம். அர்த்தமாயிந்தா?"

"அப்ப வலதக் குடுங்க சார்."

"பேரு கூப்பிட்டாங்களா?"

"இல்ல."

"கூப்பிடாம எப்படிம்மா குடுக்கறது?"

தனபாக்கியம் புருஷனை வெளியே அழைத்துக்கொண்டு வந்தாள்.

டீக்கடையில் நந்திதா ஒரு காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினாள். மேலே ஒருவர் செத்தால் கீழே இருக்கிறவர்கள் எல்லோரும் ஒரு வரி ஏறுவார்கள். முப்பத்தெட்டின் முதல் வரி முப்பத்தேழின் கடைசி வரியாகிவிடும். ஆனால் முப்பத்தேழைத்தான் ஏற்கனவே புரட்டியாயிற்றே. "ரெண்டு பக்கத்துக்கு நடுவுல உழுந்துட்டீங்கண்ணா."

"மறுபடி அடுத்த வாட்டி?" என்றாள் தனபாக்கியம்.

"அதுக்குள்ள மேல யாராவது சிபாரிசுல ஒரு வரி ஏறுவாங்க. நீங்க பழையபடி முப்பத்தெட்டுல மொதல் வரி. சாவும் சிபாரிசும் இங்க சரிக்குச் சரி."

மாசிலாமணி காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். படம் புரிந்தது. கோபமும் வந்தது.

"ஏம்மா, தறியில பாவு இழை அறுந்தா அறுந்த எடத்துல முடிச்சி போட்டு மேல ஓட்டுவோம். ஆரம்பத்துல இருந்து இழைய எண்ணிக்கினு வந்தா ஒரு சேலை நெய்ய முடியுமா? எங்க உட்டோம்னு ஒரு முடி போட்டு வெக்கக் கூடாதா உன் மெஷின்ல?"

நந்திதா சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அதத்தாண்ணா நானும் சொன்னேன். இப்ப இருக்கற டேட்டாபேஸ்ல அதுக்கு வசதி இருக்குது. கடைசியா படிச்ச வரிய ஞாபகம் வெச்சிக்கினு அங்கிருந்து ஓடும். யாரு செத்தாலும் யாரும் தவற மாட்டாங்க. ஒரே நாள்ல எழுதிக் குடுத்தேன். மெமோ குடுத்தாரு."

மெமோவை அவள் போனில் வைத்திருந்தாள். 'தாங்கள் பரிந்துரைத்த முறை இந்த டேட்டாபேஸில் மட்டுமே ஓடும். நாளை வாரியம் வேறு டேட்டாபேஸுக்கு மாறினால் என்னாவது? எங்கும் தூக்கிச் செல்லத்தக்க முறையே நம் கொள்கை. வேகம் ஒரு மயக்கம்.'

"சார் சொல்றதுல கால்வாசி நியாயம் இருக்குது" என்றாள் நந்திதா. "மாறுனா திருத்தி எழுதணும். ரெண்டு நாள் வேலை."

"எப்ப மாறப் போறாங்க?" என்று கேட்டாள் தனபாக்கியம்.

"பதினாலு வருஷமா மாறல."

எங்கும் தூக்கிச் செல்லத்தக்கதாக இருப்பது ஹேமநாத்துக்கு ஒரு மதம். அலுவலகத்தில் மேஜைகளுக்கெல்லாம் சக்கரம் வைத்திருந்தார். கையெழுத்துப் போடும்போது மேஜை நகராமலிருக்க இரண்டு பேர் பிடித்துக்கொள்வார்கள். கக்கூஸ் கட்டவில்லை, தூக்கிச் செல்ல முடியாது என்பதால். ஊழியர்களுக்குத் தனிப் பட்டியல், தொழிலாளிகளுக்குத் தனிப் பட்டியல் என்றால் இரண்டு மூட்டையாகிவிடும் என்று காது, பல், பதவி உயர்வு எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போட்டிருந்தார். கம்ப்யூட்டர் பெட்டி மட்டும் எட்டு போல்ட்டில் தரையோடு முடுக்கப்பட்டு, எலி வருகிறது என்று கதவை எடுத்துச் சுவர் வைத்து, ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற சந்தோடு இருந்தது. பெட்டியை வெளியே எடுக்க வேண்டுமென்றால் கட்டடத்தை இடிக்க வேண்டும்.

*

கிருஷ்ணப்பா மாசிலாமணிக்கு அடுத்த தறியில் நின்றவர். இரண்டு காதும் போனவர், ஒன்றாவது கிடைக்கட்டும் என்று ஒரு காதுக்கு மட்டும் எழுதிப் போட்டிருந்தார். ஒன்பதாம் பக்கம், நடு வரி, எந்த ஆபத்தும் இல்லாத இடம். ஒவ்வொரு வாசிப்பிலும் அவர் பெயரைத் தவறாமல் கூப்பிட்டார்கள். செவிடருக்கு அது கேட்கவில்லை. கூடப் போக ஆள் இல்லை. அவர் பெண்சாதி கங்கம்மா தறிக்கு நூல் சுற்றினால்தான் வீட்டில் சோறு. 'அழைத்தும் வரவில்லை' என்று மூன்று முறை எழுதினார்கள்.

மாசியில் ஒரு நாள் நகரி மெயின் ரோட்டில் பின்னால் லாரி வந்தது. ஓட்டியவன் ஊரே கேட்கிற மாதிரி ஹாரன் அடித்திருக்கிறான். ஊர் கேட்டது.

கங்கம்மா மரணச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வாரியத்துக்குப் போனாள். பட்டியலில் பெயரை எடுத்தால்தான் ஈமச் செலவுக்கு உதவி. முதல் தடவை, பெயரில் ஒரு எழுத்து குறைகிறது என்றார்கள். இரண்டாம் தடவை, பயனாளி நேரில் வர வேண்டும் என்றார்கள். மூன்றாம் தடவை ஹேமநாத்தே வெளியே வந்து விளக்கினார்.

"சூடும்மா, இங்க பாரு, இன்னிக்கி ஒரு சாவு ஆயிடுச்சி. உன் வீட்டுக்காரரு ரெண்டாவது. ரேப்பு ரா, நாளைக்கி வா. அவருக்கு இன்னா அவசரம்?"

கங்கம்மா அந்த 'அவசரம்' என்ற வார்த்தையை ஊருக்கு எடுத்து வந்து தனபாக்கியத்திடம் கொடுத்தாள். தனபாக்கியம் அதைப் புருஷன் காதுக்குள் கத்தினாள். மாசிலாமணி இரண்டு தரம் சொல்லச் சொன்னான். கேட்காததால் அல்ல.

ஆடி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. அடுத்த வாசிப்பு ஆடி பதினெட்டு அன்று. இந்த முறை சாதாரண வாசிப்பு இல்லை. மேலிடத்து ஆணையர் வருகிறார், வாரியத்துக்கு எதிரே திருச்சானூர் ரோட்டில் கல்யாண மண்டபம் பிடித்து, நகராத கம்ப்யூட்டர் பெட்டியிலிருந்து அங்கே ஒயர் இழுத்திருக்கிறார்கள். வாரியம் சுறுசுறுப்பாக இருப்பதாகத் தெரிய வேண்டும் என்பதால் மரணப் பதிவு ஜன்னலும் மண்டபத்திலேயே, காலை ஒன்பது மணியிலிருந்தே. வந்த தாளை வந்த நிமிஷமே பதிய வேண்டும் என்று ஹேமநாத் உத்தரவு. அதே மேடையில் அவருக்கு இணை இயக்குநர் பதவி உயர்வு ஆணையும் வாசிக்கப்படும். எல்லாம் ஒரே பட்டியல்தானே.

"சார் பேரு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள் தனபாக்கியம். டீக்கடையில் இப்போது நாலு பேர், கங்கம்மாவும் வந்திருந்தாள்.

"பன்னெண்டு" என்றாள் நந்திதா.

"எத்தினியாவது வரி?"

நந்திதா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "மொதல் வரி."

மாசிலாமணி கையால் 'என்ன' என்றான். தனபாக்கியம் பன்னிரண்டு விரல் காட்டி, ஒரு விரலைத் தலையில் வைத்துக் காட்டினாள். அவனுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. மேஜையில் சிந்தியிருந்த டீயில் விரலால் கோடு இழுத்தான்.

"ஒம்பதாம் பக்கத்துல கிருஷ்ணப்பா. அந்த இழைய உருவுனா கீழ இருக்கறதெல்லாம் ஒண்ணு ஏறும். பதினொண்ணு படிச்சிக்கினு இருக்கும்போது உருவணும்."

"நான் ஒண்ணும் சொல்லலண்ணா" என்றாள் நந்திதா. "பதினொண்ணாம் பக்கம் தெரைக்கு வந்தா எனக்குக் குளிரும். துப்பட்டாவ எடுத்துப் போத்திக்குவேன். அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

*

ஆடி பதினெட்டு. ஹேமநாத் பேசினார்.

"இந்த வாரியம் எதோடவும் ஒட்டிக்கிட்டது இல்ல. எந்த டேட்டாபேஸோடவும் இல்ல, எந்த ஊரோடவும் இல்ல, எந்தத் தொழிலாளியோடவும் இல்ல. நாளைக்கே உத்தரவு வந்தா மூட்டை கட்டிக்கினு கெளம்பிடுவோம், நாங்க இங்க இருந்தோம்னு ஒரு அடையாளம் இருக்காது. வேகமா குடுத்தா ஜனங்களுக்கு மதிப்புத் தெரியாது. காது கேக்காதவங்க பொறுமையானவங்க, ஒரு நாளும் எங்களக் குறுக்க கேள்வி கேட்டதில்ல. மூணு வருஷமா காது கேட்டு வந்த மனுல பாதிப் பேருக்கு இப்ப காதே தேவைப்படல. இயற்கையே எங்க பளுவக் குறைக்குது. அர்த்தமாயிந்தா?"

ஆணையர் கைதட்டினார். தனபாக்கியம் இடித்ததும் மாசிலாமணியும் தட்டினான்.

பத்தே முக்காலுக்குப் பதினொன்றாம் பக்கம் திரைக்கு வந்தது. வெளியே ஆடி வெயில் கொளுத்தியது. நந்திதா துப்பட்டாவை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

கங்கம்மா மரண ஜன்னலில் தாளை நீட்டினாள். "எம் புருஷன் நேர்ல வர முடியல சார். மத்ததெல்லாம் சரியா இருக்குது." ஆணையரின் கார் டிரைவர் பார்த்துக்கொண்டிருந்ததால் ஜன்னல்காரர் மறுபேச்சில்லாமல் பதிந்தார். ஒன்பதாம் பக்கத்திலிருந்து கிருஷ்ணப்பா வெளியேறினார். உயிரோடு இருந்தபோது ஒரு தடவைகூட அவ்வளவு சீக்கிரம் அவர் வேலை அங்கே நடந்ததில்லை.

பன்னிரண்டாம் பக்கம் வந்தது. முதல் பெயர் ஏகாம்பரம், கடைவாய்ப் பல்.

எழுந்து நிற்கப் பாதி தூக்கிய உடம்பை ஹேமநாத் மெதுவாக இறக்கிக்கொண்டார். முகத்தில் புன்னகை இருந்தது. முக்கியமானவரைக் கடைசியில் கூப்பிடுவதுதானே மரியாதை. இருபதாம் பக்கத்தில் புன்னகை இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகும் இருந்தது. அவருக்காக வாங்கிய மாலை காற்றாடிக்கு அடியில் வாடியது.

மூன்று மணிக்கு முப்பத்தேழாம் பக்கத்தின் கடைசி வரி. "மாசிலாமணி, நகரி, வலது காது!" ஒரு வரி ஏறியதில் அவன் இந்த முறை பக்கத்தின் அடியில், பத்திரமாக இருந்தான். போட்டோவுக்காக மெஷினை மேடையிலேயே மாட்டிவிட்டார்கள்.

ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு உலகம் உள்ளே கொட்டியது. காற்றாடி, நாற்காலி, குழந்தை அழுகை. ஆணையர் கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார். அப்போது மாசிலாமணி கேட்ட முதல் மனுஷக் குரல் ஹேமநாத்தினுடையது.

"என் பேரு? ஏய் நந்திதா, என் பேரு எங்க?"

"பன்னெண்டாம் பக்கம் போய்டுச்சே சார்."

"திருப்பு! பின்னால திருப்பு!"

நந்திதா மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரைக் காட்டினாள். அவர் எழுதி, அவர் கையெழுத்துப் போட்ட ஏழாம் விதி: 'புரட்டிய பக்கம் திரும்பாது. விடுபட்டவர் புதிதாக மனுச் செய்க.'

"வர்ற மாசம் நான் ரிட்டயர் ஆகறேன்மா!"

"எந்தப் பக்கம்னு சொல்லுங்க சார், தேடிப் பாக்கறோம்."

மண்டபம் முதலில் புரியாமல் இருந்தது. பிறகு பல் வாங்கிய கிழவர்கள் புதுப் பல்லோடு சிரித்தார்கள். ஆணையர் காருக்குப் போய்விட்டார். ஹேமநாத் பின்னாலேயே ஓடி, கதவைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். மாசிலாமணி வலது பக்கத்தை அந்தத் திசைக்குத் திருப்பி, ஒரு சொல் விடாமல் கேட்டான். கங்கம்மாவுக்கு அங்கிருந்து கேட்கவில்லை, அவளுக்கும் சொன்னான்.

"இன்னா சொல்றான்?"

"அவசரம்ன்றான்."

ஹேமநாத் திரும்பி வந்து மைக்கைப் பிடுங்கினார். "வாசிப்பு ரத்து! எல்லாத்தையும் நிறுத்து!" அதுதான் வாரியத்தில் அவர் போட்ட கடைசி உத்தரவு. அதை மட்டும் தாமதமில்லாமல் நிறைவேற்றினார்கள். திரையில் முப்பத்தெட்டாம் பக்கம் வரப்போகிற வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது, அப்படியே அணைந்தது. அதன் முதல் வரி மாசிலாமணியின் இடது காது.

பட்டியலில் தில்லுமுல்லு நடந்ததா என்று விசாரணை வைத்தார்கள். விசாரணை முடிகிறவரை வாசிப்பு இல்லை. நந்திதாவின் ஒப்பந்தத்தை நீட்டவில்லை. ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் முடி போட்டு ஓட்டுகிற முறையில் எழுதிக்கொண்டிருக்கிறாள். ஹேமநாத் துணை இயக்குநராகவே ஓய்வு பெற்று, மனுவோடு வரிசையில் நிற்கிறார்.

ஆடி கடைசி நாளில் அண்ணாதுரை வலது காதுப் பக்கம் நின்று பேசிப் பார்த்தார், இடது பக்கம் நின்று பேசிப் பார்த்தார்.

"ஒரு காதுக்கு ரெண்டு தறி, மாசி. மத்த ரெண்டும் அந்தக் காது வந்தப்புறம்."

மாசிலாமணி இப்போது வலது பக்கத்துத் தறிகள் இரண்டையும் ஓட்டுகிறான். கங்கம்மாவுக்கு வந்த கடிதத்தில், பட்டியலில் கிருஷ்ணப்பா என்ற பெயரே இல்லாததால் உதவி எதுவும் தர இயலாது என்று இருந்தது. அவள் அதைத் தனபாக்கியத்திடம் கொடுத்தாள். தனபாக்கியம் அதன் பின்புறத்தில் புருஷனிடம் கேட்டு எழுதி, கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறாள்:

'வாரியம் தரவேண்டிய பாக்கி. மாசிலாமணிக்கு இடது காது ஒன்று. கிருஷ்ணப்பாவுக்கு இரண்டு.'